அச்சம் அகல அருளும் மருந்தும்

பாக் நீரிணைக் கரையில் அமைந்த திருப்பாலைக்குடி, கடலை நம்பி வாழும் ஊர். உணவளிக்கும் கடலே சில வேளைகளில் உயிரையும் கொள்ளும் என்பதை இக்கரையோர மக்கள் நன்கறிவர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்குச் சென்ற பயணிகள் இரயிலையும் அலைகள் கொண்டு சென்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய இடர்களில் உயிர் பிழைத்தோருள் சிலருக்குக் கடல் அடங்கிய பின்னரும் மனம் அடங்குவதில்லை. கண்ட கொடுங்காட்சி அழையாமலே வந்து நிற்கும். காற்றின் ஓசை கேட்டாலே நெஞ்சு படபடக்கும், வியர்வை பெருகும், மூச்சு முட்டும், கை நடுங்கும், உறக்கம் கெடும். விபத்து, வன்கொடுமை, உற்றாரின் திடீர் மறைவு ஆகியவற்றுக்குப் பின்னரும் இந்நிலை வரலாம்.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. இடர் வரும்போது உடலை விரைந்து காக்கவே இதயம் வேகமாகத் துடிக்கிறது. இடர் நீங்கிய பின்னரும், நினைவு வரும்போதெல்லாம் அது இப்பொழுதே நிகழ்வதாக மூளை கொள்வதால் உடல் மீண்டும் நடுங்குகிறது. இது கோழைத்தனம் அன்று, பேய்க்கோளும் அன்று, முன்வினைத் தண்டனை என்று நாணி மறைக்கத்தக்கதும் அன்று. மருத்துவத்தால் தணியும் நோயே ஆகும்.

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறாக வகுத்தார். நோயாளிக்கு வேண்டிய இயல்புகளுள் தன் நோய்நிலையை எடுத்துரைத்தலையும் ஒன்றாக வைத்தார் உரையாசிரியர் பரிமேலழகர். சொல்லாத நோய்க்கு மருந்து ஏது? உள்ளத்து நோய்க்கு இவ்வுண்மை இருமடங்கு பொருந்தும்.

சொல்லாமலும் சொல்லவிடாமலும் அடைத்து வைப்பதன் கேட்டை இம்மாவட்டமே கண்டது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

இத்துன்பம் ஒரு திங்களுக்கு மேல் நீடித்தாலும், தொழிலையும் உறக்கத்தையும் கெடுத்தாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும். நெஞ்சுவலி இருப்பின் இதயத்தையும் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசி ஆலோசனை பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. பயிற்சி பெற்றவரின் துணையோடு அந்நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பேச்சு மருத்துவம் பலருக்கும் பயன் தருகிறது. மருந்து தரப்பட்டால் தாமாக நிறுத்தலாகாது. மறப்பதற்கென்று மதுவை நாடுவது நோயை வளர்க்கும்.

படபடப்பு எழும்போது பாதங்களைத் தரையில் நன்கு ஊன்றி, மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் நெடிதாக விடுதல் நன்று. உடனிருப்போர், “மறந்துவிடு” என்று அதட்டாமலும், நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாமலும், அவர் தாமாகப் பேசும்போது பொறுமையுடன் கேட்டல் வேண்டும். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வதும் ஒரு தொண்டே.

மருத்துவரிடம் செல்வது இறைநம்பிக்கையில் குறை ஆகாது. திருமுன் நின்று மனம் திறந்து முறையிடும் அன்பர், மருத்துவர் முன்னும் அவ்வாறே மனம் திறப்பாராக. வழிபாடு உள்ளத்திற்கு ஊன்றுகோலாகும். மருத்துவம் நோயைத் தணிக்கும். இரண்டும் துணைநிற்க, அஞ்சிய நெஞ்சங்கள் அமைதி பெறுக.