‘எஸ்டர்டே நைட்’ என்ன வகைப் பிழை?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராத்தியரின் போர்த்தளங்கள் என்று தேர்வான 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் வெளிநாட்டுக்காரர் யாராவது தென்பட்டால், சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் ஓடிப்போய்க் கேட்பார்கள்: ‘வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?’ பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் ‘தப்பு, தப்பு’ என்று அதட்டினால் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வாய் திறக்காது.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எழுவாய், வினை, காலம் எல்லாம் சரியாக அமைந்திருக்கின்றன. ஆனால் கேட்பவர், ‘இப்போது எங்கிருந்து கிளம்பி வருகிறாய்?’ என்று புரிந்துகொண்டு ‘பாண்டிச்சேரி’ என்று சொல்லிவிடக்கூடும். ‘எந்த ஊர்க்காரர்?’ என்று கேட்க, ‘கமிங்’கை எடுத்துவிட்டால் போதும். பிள்ளை இலக்கணத்தில் தவறவில்லை. ஆங்கிலேயர் சொல்லும் விதம்தான் அதற்குத் தெரியவில்லை. இவை இரண்டும் வேறு வேறு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நம்மிடமே நல்ல கருவி இருக்கிறது: நன்னூல் என்ற இலக்கண நூல். செஞ்சி வட்டாரம் தமிழ்ச் சமணத்தின் மடி. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு திருநாதர்குன்றில் இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களும் அங்கேதான். தமிழ்ச் சமணரின் மடம் அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை எழுதிய பவணந்தியும் சமண முனிவர்தான். அவர் வழுவை, அதாவது பிழையை, ஏழாகப் பிரித்தார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. ஆடு மேய்ப்பவரைப் பாகன் என்பதும், யானையைப் பார்த்துக்கொள்பவரை இடையன் என்பதும் மரபு வழு. அப்படிச் சொன்னாலும் வாக்கியம் குலையாது. பெரியோர் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

‘ஐ டிடின்ட் வென்ட்’ என்றால் அது காலத்தில் வந்த பிழை. இறந்தகாலம் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்றால் பன்மை விழுந்துவிட்டது. ‘டிஸ்கஸ் அபவுட்’டில் ‘அபவுட்’ மிகை. இவற்றைத் தயங்காமல் திருத்த வேண்டும்.

‘எஸ்டர்டே நைட்’ அப்படியல்ல. ‘எஸ்டர்டே மார்னிங்’ சரி, ‘எஸ்டர்டே ஈவ்னிங்’ சரி. ராத்திரிக்கு மட்டும் ஆங்கிலேயர் ‘லாஸ்ட் நைட்’ என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் விதி எதையும் காட்ட முடியாது. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘எஸ்டர்நைட்’ என்ற சொல்லே புழக்கத்தில் இருந்தது. தர்க்கம் பிள்ளையின் பக்கம், பழக்கம் மற்றவர் பக்கம். இது முழுக்க முழுக்க மரபு வழு.

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘ஐ ஆம் ஹேவிங் டீ’ என்று தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் டீ குடிப்பது நடந்துகொண்டிருக்கும் செயல். அண்ணன் தம்பி இருப்பது செயலல்ல, நிலை. அந்த நுட்பத்தைச் சொல்லாமல் ‘ஹேவிங் வராது’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை டீ குடிப்பதையும் சொல்லப் பயப்படும்.

இனி ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி ‘ஸ்டேஷன்’ என்பதற்கு இடம் தந்திருக்கிறது: மாவட்டத்து ஆங்கில அதிகாரிகளோ படை அதிகாரிகளோ தங்கியிருக்கும் ஊர். கோட்டைக்குள் இருந்தால் அது ஸ்டேஷன் ஆகாது என்றும் விலக்குகிறது. ஆக, அதிகாரி ஊரில் இல்லை என்பதைச் சொல்ல ஆங்கிலேயர் விட்டுப்போன பேச்சு இது. இன்று லண்டனில் சொன்னால் விழிப்பார்கள். செஞ்சி வங்கியில் மேலாளர் இல்லாத நாளில் எல்லாருக்கும் புரிகிறது. ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக நாம் புழங்கும் ‘பிரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்துவிட்டது.

வழுவாக இருந்தும் ஏற்றுக்கொள்ளப்படும் இப்படிப்பட்டவற்றைத்தான் நம் இலக்கணம் வழுவமைதி என்கிறது. அடுப்படியில் இருந்துகொண்டே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம். வராத வருகைக்கு இறந்தகாலம். விரைவு காரணமாக அது பொருந்தும் என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. இந்திய ஆங்கிலத்துக்கும் தனக்கென்று அளவுகோல் உண்டு என்று ஸ்ரீநகரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு வாதாடினார். 1990களின் தொடக்கத்தில் ஆங்கில இலக்கண அறிஞர் ராண்டால்ஃப் குவெர்க், வகுப்பறையில் பொதுத்தர ஆங்கிலமே வேண்டும் என்று அவரோடு மோதினார். குவெர்க்கின் கவலை நியாயமானது; வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்த ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையின் ‘எஸ்டர்டே நைட்’டையும் ‘டிடின்ட் வென்ட்’டையும் ஒரே சிவப்பு மையால் அடிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஆசிரியர்கள் பிழையைச் சிவப்பில் அடிக்கட்டும். மரபு வேறுபாட்டுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ஆங்கிலேயர் சொல்வதைப் பக்கத்தில் எழுதிக் காட்டட்டும்; மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.

(அடுத்த வாரம்: ‘டூ த நீட்ஃபுல்’ எங்கிருந்து வந்தது?)