ஒரே காற்று கட்டிய இரண்டு மணற்காடுகள்

ஓமான் நாட்டின் கிழக்குப் பகுதியில், அரபிக்கடலை ஒட்டி வடக்கு தெற்காக ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும் ஷர்கியா மணற்பரப்பு, முன்பு வஹீபா மணல் என்று வழங்கப்பட்டது. மணல்மேடுகளில் வண்டி ஓட்டுவதற்கும் கூடாரமடித்துத் தங்குவதற்கும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து சேரும் அந்த இடம், மஸ்கட்டில் வேலை பார்க்கும் உறவினரைக் காணச் செல்லும் சென்னை கே.கே. நகர்க் குடும்பங்களின் பயணத் திட்டத்திலும் இன்று இடம்பெறக்கூடியதே. ஆனால் அந்த மேடுகளை எழுப்பிய தென்மேற்குப் பருவக்காற்றுதான் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட தேரிக்காடு என்னும் செம்மணற்பரப்பையும் குவித்தது என்பது, சென்னையில் பலரும் அறியாத செய்தி.

காற்று மணலை அள்ளிச் செல்வதில்லை. பெரும்பாலும் தாவச் செய்கிறது. உருண்டு எழும்பும் ஒரு மணி, சிறிது தூரம் பறந்து விழுந்து, விழுந்த வேகத்தில் வேறு மணிகளை எழுப்பிவிடுவதால், தரையை ஒட்டிய ஒரு மணலோட்டம் உருவாகிறது. காற்று மோதும் பக்கம் மேட்டின் சரிவு மென்மையாகவும் இறுகியும் அமைய, மறுபக்கம் மணல் தன் எடையால் சரிந்து நிற்கக்கூடிய உச்சக் கோணமான சுமார் 34 பாகையில் தளர்ந்து கிடக்கும். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் வேகமாக ஏறும் வண்டி மறுபுறம் கவிழ்வதும், டயரில் காற்றைக் குறைத்து அதன் தொடுபரப்பை அகலமாக்கிக்கொள்ளாத வண்டி புதைவதும் இதனால்தான்.

ஓமானின் மேடுகள் சில இடங்களில் 100 மீட்டர் வரை உயர்ந்து நீண்ட வரிசைகளாக ஓடுகின்றன. 1985 முதல் 1987 வரை லண்டனின் ராயல் புவியியல் சங்கம் அங்கு நடத்திய ஆய்வு, வெறும் மணல் என்று கருதப்பட்ட நிலத்தில் செழித்த உயிரினங்களைப் பதிவு செய்தது; கிழக்கு விளிம்பில் நிற்கும் காஃப் மரக்காடு அதில் குறிப்பிடத்தக்கது. அந்த மரம் தமிழகக் கோயில்களில் தலமரமாக வணங்கப்படும் வன்னியேதான்.

தேரியின் கதை சற்று வேறானது. கேரளப் பக்கத்தில் மழையைப் பொழிந்துவிட்டு ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியாக வறண்டு இறங்கும் காற்று, முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே விசையோடு, மலையடிவாரச் செம்மண் சமவெளியின் துகள்களைக் கிழக்கே தள்ளிக் கடலோரத்தில் சேர்த்திருக்கிறது. கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்த கடைசிப் பனியூழியில் வெளிப்பட்டுக் கிடந்த கடலடித் தரையும் இரு நாடுகளிலும் மணலுக்கு ஊற்றாக இருந்தது. ஓமானின் மணலில் கடற்சிப்பித் துகள் மிகுதியாதலால் அது நாளடைவில் சுண்ணாம்பால் இறுகிக் கல்லாகிறது. தேரியிலோ ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியையும் இரும்பு ஆக்சைடு போர்த்தியிருப்பதால் நிலம் குங்குமமாகச் சிவந்திருக்கிறது.

இந்த மேடுகளின் வயது ஒளித்தூண்டல் முறையால் கணிக்கப்படுகிறது. புதைந்து இருளில் கிடக்கும் குவார்ட்ஸ் மணி, சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்திலிருந்து ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே வரும். ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால் அது ஒளிர்வாக வெளிப்படும். அந்த ஒளிர்வின் அளவைக் கொண்டு மணி கடைசியாக வெயிலைக் கண்ட காலத்தைச் சொல்லிவிடலாம். தேரி மணல் கடைசியாகப் பெரிய அளவில் குவிந்த கட்டம் சுமார் 11,400 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன்புவரை நீடித்தது என்று இம்முறை காட்டுகிறது. தேரியில் சாயர்புரம் முதலிய இடங்களில் கிடைத்த நுண்கற்கருவிகளை, அதாவது குவார்ட்ஸ், செர்ட் கற்களில் செதுக்கிய விரல்நுனி அளவான கருவிகளை, ஆராய்ந்து ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956இல் வெளியிட்ட கட்டுரை, இங்கே மனிதர் வேட்டையாடி வாழ்ந்ததைத் தெளிவாக்கியது.

தேரி தண்ணீரில்லாத இடம் என்ற எண்ணம் பிழையானது. மழைநீர் மணலில் விரைந்து இறங்கி, அடியிலுள்ள இறுகிய அடுக்கில் தங்கி, பள்ளங்களில் ஊற்றாகக் கசிகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனை இதற்குச் சான்று. மேடுகளுக்கு இடையே பருவத்தில் நிரம்பும் ஏரிகளைத் தருவை என்பர்.

நகரும் மணல் ஊர்களை மூடாதிருக்க, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே பனை வளர்த்து மேடுகள் நிலைப்படுத்தப்பட்டன. பின்னர் முந்திரியும் சேர்ந்தது. ஆகவே ஓமானில் நடப்பதுபோல் வண்டிச் சாகசத்தைத் தேரிக்குக் கொண்டுவருவது பெருந்தவறாகும்: சக்கரம் கிளறிய மணல் வேர்ப்பிடியை இழப்பதோடு, வெயில் பட்ட மணிகள் தம் காலக்கணக்கையும் இழக்கும்; மேற்பரப்பிலேயே கிடக்கும் நுண்கற்கருவிகள் இடம் பெயர்ந்தால் அவை எந்த அடுக்குக்கு உரியவை என்பதை எவராலும் மீட்டுச் சொல்ல இயலாது. சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து வருவோர், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலைப்பொழுதில், பனைத்தொழிலாளர் வழிகாட்ட, ஒற்றையடிப் பாதையிலேயே நடந்து பார்ப்பது இந்த நிலத்துக்குத் தகும்.