ஐந்து கட்டையோடு மோதும் கரன்ட்

மார்கழி பிறந்ததும் தஞ்சாவூர், திருவையாறு, கும்பகோணம் பக்கத்துப் பாட்டு வீடுகளில் பரணில் கிடந்த பழைய எலெக்ட்ரானிக் தம்புராவைத் தூசு தட்டி இறக்குவார்கள். ஸ்விட்சைப் போட்டால் சட்ஜம், பஞ்சமத்தோடு 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் சேர்ந்து வரும். 'பெட்டி போச்சு' என்று ஓரங்கட்டிவிட்டு செல்போன் ஆப்புக்கு மாறிவிடுகிறார்கள். அத்தனை அவசரம் வேண்டாம்.

பலா மரத் தம்புராவுக்குப் பேர்போன ஊர் தஞ்சாவூர். அந்த நாதத்தை 1979-ல் மின்னணுப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர் பெங்களூருவைச் சேர்ந்த இன்ஜினீயரும் புல்லாங்குழல் கலைஞருமான ராஜ் நாராயண். ஒருவகையில் அதுவும் ஒரு குட்டி சிந்தசைசர்தான். கோளாறும் அதே கோளாறுதான்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்பார்மர் அதைக் குறைக்க, 4 டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அப்போது நொடிக்கு 100 மேடுபள்ளம். அதைச் சமன்செய்வது கண்டன்சர். உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் உலர்ந்துபோனால், அந்த மேடுபள்ளம் அப்படியே ஸ்பீக்கரில் கேட்கும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. பெண்கள் பலர் பாடும் ஐந்து கட்டையின் சட்ஜம் 196 அதிர்வு. இரைச்சலின் இரண்டாம் மடங்கோ 200. ரெண்டும் சேராமல் நொடிக்கு 4 தடவை அலையடிக்கும். புதிதாகக் கற்கும் குழந்தை எதைச் சுருதி என்று பிடிக்கும்?

சாயங்காலம் மட்டும் இரைகிறதென்றால் கண்டன்சர் நன்றாகவே இருக்கலாம். வயல் மோட்டார்கள் ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரத்தில், 12 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே போவது குறைந்தது 14 வோல்ட்டாவது இல்லாவிட்டால் அது மேடுபள்ளத்தைத் தடுக்காது.

பேட்டரி போடும் வசதியிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி பவர் சப்ளைதான். ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து, அதே மைக்ரோஃபாரட், அதே அளவோ கூடுதலோ வோல்ட், 105 டிகிரி தாங்கும் கண்டன்சராகப் போடச் சொல்லுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடித்துவிடும்; வீட்டில் கைவைக்க வேண்டாம்.

சுருதிக் குமிழைத் திருகும்போது மட்டும் 'கரகர' என்றால் அது வேறு சங்கதி. குமிழுக்குள் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும்.