கபடியில் பிடிப்பவரின் பலம் எங்கே இருக்கிறது?

தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கலும் கோயில் கொடையும் கபடிப் போட்டி இல்லாமல் கழிவது அபூர்வம். விளக்குக் கம்பம் நட்டு, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, விடிய விடிய ஆடுவார்கள். கூட்டம் யாரைப் பார்த்துக் கைதட்டுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பாடி வருபவரைத்தான். ஏரலுக்கு அருகிலுள்ள மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதையும் பெற்ற மணத்தி கணேசனை இந்தப் பக்கத்துச் சிறுவர்கள் நன்கு அறிவார்கள்.

ஆனால் இந்தக் கட்டுரை, எதிர்ப்புறத்து மூலையில் முழங்காலை மடக்கிக்கொண்டு வாய் திறவாமல் நிற்கிறாரே, அவரைப் பற்றியது. பிடிக்கும் இடத்தில் நிற்கச் சொன்னால் மாணவர்கள் இரண்டு வகையாகப் பதில் சொல்வதுண்டு. “நான் ஒல்லி, என்னால் முடியாது” என்பது ஒன்று. “பத்து கிலோ ஏற்றிக்கொண்டு வருகிறேன்” என்பது மற்றொன்று. இரண்டு பதில்களும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறந்தவை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

பாடி வருபவரின் நிறை 70 கிலோகிராம் என்று கொள்வோம். உங்கள் நிறை 55 கிலோகிராம். அவர் உங்கள் அணியில் ஒருவரைத் தொட்டுவிட்டு, விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கி ஓடுகிறார். நீங்கள் அவர் இடுப்பைக் கட்டிப் பிடிக்கிறீர்கள். காலுக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வுக் கெழு இருவருக்கும் 0.6 என்று வைத்துக்கொள்வோம்.

அவரை முன்னே தள்ளுவது எது? தசை என்பீர்கள். தசை தரையைப் பின்னோக்கி உதைக்கிறது. தரை அவரை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. தரை தரக்கூடிய அதிகபட்ச விசை உராய்வினால் வருவது. 70 × 9.8 × 0.6, அதாவது ஏறக்குறைய 412 நியூட்டன். அவரை நிறுத்த உங்களுக்குத் தரை தருவதோ 55 × 9.8 × 0.6, ஏறக்குறைய 323 நியூட்டன். மீதி 89 நியூட்டன் அவர் பக்கம். நீங்கள் எவ்வளவுதான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாலும், உங்களையும் இழுத்துக்கொண்டு அவர் கோட்டுக்குப் போய்விடுவார். கையில் இரும்பு போன்ற பிடி இருந்தும் தோற்பது இப்படித்தான்.

இப்போது அதே ஆட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். நீங்கள் பிடித்த விதத்தில் அவர் கால் தரையை உதைக்க முடியாமல் போகிறது. அவருடைய உந்தம் 70 × 4 = 280 கிலோகிராம் மீட்டர்/விநாடி. இருவரும் ஒட்டிக்கொண்ட பின் மொத்த நிறை 125 கிலோகிராம். ஆகவே பொது வேகம் விநாடிக்கு 2.24 மீட்டராகக் குறைந்துவிடும். உதைக்கக் கால் இல்லாததால் இருவர் மேலும் உராய்வு எதிர்த்திசையில் மட்டுமே வேலை செய்யும். எதிர்முடுக்கம் 0.6 × 9.8 = 5.88 மீட்டர்/விநாடி². இவ்வெண்களை இயக்கச் சமன்பாட்டில் இட்டால் நிற்கும் தூரம் 0.43 மீட்டர் என்று வருகிறது. ஒன்றரை அடிக்கும் குறைவு!

நிறைகள் மாறவில்லை, தசையும் மாறவில்லை. ஒரு பிடியில் ஆள் தப்பித்தார். மறு பிடியில் அரை மீட்டருக்குள் நின்றார். ஆக, பிடிப்பவர் செய்யவேண்டியது எதிராளியின் எடையை எதிர்ப்பதன்று, அவருக்கும் தரைக்கும் உள்ள உறவை அறுப்பது.

ஒரு குடம் தண்ணீர்

எப்படி அறுப்பது? முதல் வழி, தூக்குவது. முழுவதும் தூக்க வேண்டியதில்லை. 15 லிட்டர் குடத்தை இடுப்புக்குத் தூக்க எவ்வளவு விசை வேண்டுமோ, ஏறத்தாழ 150 நியூட்டன், அவ்வளவை மேல்நோக்கிக் கொடுத்தால் போதும். அவர் பாதம் தரையை அழுத்துவது 686 நியூட்டனிலிருந்து 536 ஆகக் குறைகிறது. அவருக்குக் கிடைக்கும் உராய்வும் 322 நியூட்டனாக இறங்கிவிடுகிறது. அந்த 150 நியூட்டன் எங்கே போயிற்று? உங்கள் மேல் இறங்கியது. உங்கள் பாதம் முன்னைவிட அதிகமாகத் தரையை அழுத்துவதால் உங்கள் உராய்வு 413 நியூட்டனாக ஏறுகிறது. முதல் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 55 கிலோ ஆளும் 70 கிலோ ஆளும் இடம் மாறிக்கொண்டார்கள்!

தொடையைப் பிடிக்கும்போது, தோளை எதிராளியின் தொடையில் பதித்து, இரு கைகளையும் பின்னால் பூட்டி, கீழிருந்து மேலாக எழுந்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். கீழிருந்து எழ வேண்டுமானால் முதலில் கீழே இருக்க வேண்டும் அல்லவா? முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி நிற்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் நீங்கள் அறிந்ததே: ஈர்ப்பு மையம் தாழ்ந்து அடிப்பரப்பு அகன்றால் கவிழ்ப்பது கடினம். ஒரு நண்பரை நேராக, கால் சேர்த்து நிற்கச் சொல்லி நெஞ்சில் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். பிறகு தாழ்ந்து அகன்று நிற்கச் சொல்லி உள்ளங்கையால் தள்ளுங்கள்.

கணுக்கால் வேலை

மூலையில் நிற்பவரின் முக்கிய ஆயுதம் கணுக்கால் பிடி. இங்கே நெம்புகோல் தத்துவம் வருகிறது. இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே 100 நியூட்டன் விசையால் இழுத்தால் கிடைக்கும் திருப்புத்திறனை, இடுப்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் தொடையைப் பிடித்து உண்டாக்க 400 நியூட்டன் வேண்டும். ஒல்லியான மாணவர்கள் பலர் நல்ல மூலை ஆட்டக்காரர்களாவதில் வியப்பில்லை.

ஆனால் இலாபத்துக்கு ஒரு விலை உண்டு. வீசும் காலில் மிக வேகமாக நகரும் பகுதியும் கணுக்கால்தான். அதை எப்போது பிடிப்பது? ஊசலை நினைத்துக்கொள்ளுங்கள். வீச்சின் கோடியில் ஊசல்குண்டு ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. பாடி வருபவர் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும்போது அந்தக் கோடியில் அவர் பாதமும் ஒரு கணம் நிற்கிறது. அந்நேரம் அவர் உடல் பாரம் முழுவதும் மற்றொரு காலில். அடிப்பரப்பு ஒரே ஒரு பாதம். அந்தக் கணத்தில் பிடித்து, இழுத்து, உயர்த்தினால் அவர் நொண்டியடிப்பார். உதைப்பதற்குக் கால் இராது. ஒரு நொடி பிந்தினால் நீங்கள் காற்றைப் பிடிப்பீர்கள்.

எங்கே பிடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆண்கள் களத்தில் ஒரு பாதியின் நீளம் 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர். அங்கே பிடிபட்டவர் விழுந்து கையை நீட்டினாலும் கோடு எட்டாது. நடுக்கோட்டுக்கு 2 மீட்டர் தூரத்தில் பிடித்தால், விழுந்தபடியே விரல் நுனியால் கோட்டைத் தொட்டுவிடுவார். உங்கள் பிடி முழுவதும் வீண்.

இத்தகைய கணத்தைக் கண்டுகொள்வது பழக்கத்தால் வருவது. வயதானாலும் எளிதில் போகாதது. தமிழ்நாட்டுப் பிடிப்பவர்களில் பெரிய பெயர் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்தவர். 2016இல் புரோ கபடிப் பட்டம் வென்ற பாட்னா அணிக்கு அவர்தான் தலைவர். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நாற்பதைத் தாண்டிய அவர் இருபது வயதுக்காரர்களைப் பிடித்தார் என்றால், அது தசையின் பருமனால் மட்டும் நடந்திருக்குமா?

இருவர் சேர்ந்தால்

மூலைக்காரர் காலைப் பிடித்ததும் பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரர் உடலை மறிக்க வேண்டும். முத்துக்குளிப்பைப் பற்றி நம் கரையில் சொல்லும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. மூழ்குபவரின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவர் பெரும்பாலும் அவருடைய மச்சான் என்பார்கள். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டார் அல்லவா! தூத்துக்குடிக் கடலில் அந்தத் தொழில் 1961ஆம் ஆண்டோடு நின்றது. ஆனால் கயிறு அசைந்த கணமே இழுக்க வேண்டும் என்ற அந்தக் கவனம், கபடியில் ஜோடியாக நிற்கும் இருவருக்கும் வேண்டும்.

சங்கிலி கட்டும்போது ஓர் எச்சரிக்கை. இருவர் கை கோத்து, கைகளை விறைப்பாக நேர்கோட்டில் நீட்டி நின்றால், நடுவே பாய்பவர் 600 நியூட்டன் விசையில் மோதி, கைகள் 10 பாகை மட்டுமே வளைந்தால், ஒவ்வொரு கையிலும் இழுவிசை 1,700 நியூட்டனைத் தாண்டும். 45 பாகை வளைந்து கொடுத்தால் 424 நியூட்டன்தான். விறைப்பாகக் கட்டிய துணிக்கொடி ஈரவேட்டியின் பாரத்துக்கே அறுவதும், தொய்வான கொடி தாங்குவதும் இதனால்தான். முழங்கையைச் சற்று மடக்கியே வையுங்கள். விரல்களைக் கோக்காமல் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றுங்கள்.

கழுத்து

இனிச் சொல்வது ஆட்டத்தைவிடப் பெரிது. பாய்ந்து பிடிக்கும்போது உங்கள் தலை எதிராளியின் முழங்காலுக்கு நேர் எதிரே ஒருபோதும் இருக்கக் கூடாது. தலையைக் குனியவும் கூடாது. கழுத்தெலும்புகள் இயல்பாகச் சிறிது வளைந்தே அமைந்துள்ளன. அந்த வளைவும் சுற்றியுள்ள தசைகளும் மோதலை வில்போல வாங்கிக்கொள்கின்றன. தலையைக் குனிந்தால் வளைவு மறைந்து, கழுத்து நேரான தூணாகிவிடுகிறது. உச்சந்தலையில் விழும் அடி முழுவதும் அந்தத் தூணின் வழியே இறங்கும். எலும்பு நொறுங்கித் தண்டுவடம் அறுபடலாம். அமெரிக்கக் கால்பந்தில், பந்தைக் கையில் கொண்டு ஓடுபவரை மறிக்கும் இளைஞர்கள் பலர் இப்படித்தான் கைகால் செயலிழந்தார்கள். தலையால் முட்டித் தடுப்பதை அங்கே 1976இல் தடை செய்தார்கள்; அதன்பின் இத்தகைய விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. ஆகவே கண் திறந்து, முகவாய் நிமிர்ந்து, தலை எதிராளியின் விலாப்பக்கமாக இருக்கட்டும், மோதுவது தோள். தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால் அன்று மீண்டும் களத்தில் இறங்காதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள்.

பலம் சேர்ப்பது

மேலே கண்ட வேலைகளுக்கு எந்தத் தசைகள் வேண்டும்? எழும்பத் தொடையும் முதுகும், பற்றக் கை, காக்கக் கழுத்து. பள்ளி வயதில் பெரிய இரும்புப் பாரங்களைத் தேடி ஓட வேண்டாம். பஸ்கி, தண்டால், கயிறு ஏறுதல், மணல் மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கி நடத்தல் ஆகியவை போதும். மூட்டை 10 கிலோவில் தொடங்கட்டும். முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கியே தூக்குங்கள். அரைப் பஸ்கியில் 30 விநாடி அப்படியே நின்று பாருங்கள், தொடை பேசும்! ஈரத்துண்டை முறுக்கிப் பிழிவது பிடிக்கு நல்ல பயிற்சி.

பஸ்கியில் இறங்குவதை மெதுவாகச் செய்யுங்கள். திமிறுபவரைப் பிடித்திருக்கும்போது உங்கள் தசை இழுபட்டு நீண்டுகொண்டே விசை தருகிறது. மெதுவாக இறங்குவது அதற்கு நேரான பயிற்சி. மறுநாள் வலிக்கும். ஆகவே வாரத்தில் மூன்று நாள், இடையிடையே ஒரு நாள் ஓய்வு. முதல் சில வாரங்களில் கூடும் பலம் தசை பருத்ததால் வருவதன்று. இருக்கும் தசையிழைகளை நரம்புகள் ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்வதால் வருகிறது.

வெறும் பருமன் ஏன் போதாது என்பதைக் கலிலியோ 1638இலேயே விளக்கிவிட்டார். உருவம் எல்லாப் பக்கமும் இருமடங்கானால் தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. மாவு டப்பாக்களை வாங்கப் பணம் செலவிடுவதைவிடச் சாளை மீனும் முட்டையும் பயறும் கடலையும் தின்பது மேல். இன்னும் மோசமானது, எடை வரம்புக்குள் நுழையப் போட்டிக்கு முன் தண்ணீர் குடிக்காமல் கிடப்பது. 55 கிலோ ஆள் 2 லிட்டர் நீரை இழந்தால் உடல் எடையில் 3.6 சதவீதம் போயிற்று. குறைந்தது கொழுப்பன்று, இரத்தத்திலும் தசையிலும் இருந்த நீர். களத்தில் கால் தள்ளாடும், வெயிலில் மயங்கி விழவும் கூடும்.

நான் எடுத்துக்கொண்ட 0.6 என்ற எண் உங்கள் களத்துக்குப் பொருந்துமா? நீங்களே அளக்கலாம். பள்ளி ஆய்வகத்திலிருந்து சுருள்வில் தராசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு அணியும் ஷூவுக்குள் ஒரு கிலோ மணலை நிரப்பித் தராசில் தொங்கவிட்டு அளவைக் குறியுங்கள். பிறகு அதைத் தரையில் வைத்துக் கிடைமட்டமாக மெல்ல இழுத்து, நகரத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் அளவையும் குறியுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உங்கள் கெழு கிடைத்துவிடும். சிமெண்டுத் தரை, செம்மண், ரப்பர் விரிப்பு மூன்றிலும் செய்து, மேலே உள்ள கணக்கைப் புதிய எண்களோடு மீண்டும் போடுங்கள்.