நீர் பகிரும் பள்ளத்தாக்கு

இந்தோனேசியா பல்லாயிரம் தீவுகளைக் கொண்ட நாடு. அத்தீவுகளுள் ஒன்று பாலி. அதன் கிழக்குப் பகுதியில், அகுங் எனும் எரிமலைக்குத் தெற்கே, சிடெமன் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. பாலியின் தென்கடற்கரை நகரங்களில் ஊர்திகளின் இரைச்சல் ஓய்வதில்லை. அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பயணம் செய்து சிடெமனை அடைபவரின் செவியில் முதலில் விழுவது நீரோசையே.

மலைச்சரிவுகளில் படிப்படியாக வெட்டப்பட்ட நெல்வயல்கள் பசுமையாய் விரிந்து கிடக்கின்றன. அவற்றின் ஓரங்களில் தென்னையும் வாழையும் நிற்கின்றன. மிளகாயும் நிலக்கடலையும், வழிபாட்டுக்குரிய செண்டுமல்லியும் ஆங்காங்கே பயிராகின்றன. வீடுகளில் தறியோசை கேட்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகள் உதிர்ந்த நெல்மணிகளையும் பூச்சிகளையும் மெல்ல மேய்கின்றன. வரப்பில் நடந்து செல்லும் உழவரிடமும் விரைவு இல்லை. இவ்வூர் மக்கள் ஏன் இத்துணை நிதானமாக வாழ்கின்றனர்? அதற்கான விடை மண்ணிலும் நீரிலும் இருக்கிறது.

எரிமலை தந்த மண்

அகுங் மலை 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. பாலி மக்கள் அதனைத் தம் தீவின் மிகப் புனிதமான மலையாகப் போற்றுகின்றனர். 1963-ஆம் ஆண்டு அம்மலை சீறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2017-இல் அது மீண்டும் விழித்தபோது, மலையைச் சுற்றி வாழ்ந்த ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

அழிவைத் தரும் மலையே வளத்தையும் தருகிறது. எரிமலைச் சாம்பல் நாளடைவில் சிதைந்து வளமான மண்ணாகிறது. பாறைகளிலுள்ள தாதுக்களைக் கரைத்துக்கொண்டு வரும் ஆற்றுநீரும் பயிருக்கு உணவாகிறது.

நீரைப் பங்கிடும் மரக்கட்டை

பாலியின் ஆறுகள் பெரும்பாலும் ஆழமான பள்ளங்களில் ஓடுகின்றன. வயல்களோ மேட்டில் உள்ளன. ஆகவே, ஆற்றின் மேற்பகுதியில் தடுப்பணை கட்டி, பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகவும் வாய்க்கால்கள் வழியாகவும் நீரைக் கொண்டுவருகின்றனர். இப்பணி தனியொருவரால் ஆவதன்று. எனவே, ஒரே வாய்க்காலில் நீர் பெறும் உழவர்கள் அனைவரும் ஓர் அமைப்பாக இணைந்துள்ளனர். அதற்குச் 'சுபக்' என்பது பெயர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இவ்வமைப்பு நிலைத்து வருகிறது.

வாய்க்கால் பிரியும் இடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டை பதிக்கப்பட்டிருக்கும். அதில் வெவ்வேறு அகலமுள்ள பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பள்ளத்தின் அகலமும் அதன்வழி நீர் பெறுவோரின் பங்குக்கு ஏற்ப அமையும். ஆற்றில் நீர் பெருகினாலும் குறைந்தாலும் பங்கின் அளவு மாறாது. மிகுதியும் குறைவும் எல்லார்க்கும் பொதுவாகும். உழவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர் 'பெகாசே' எனப்படுகிறார். வாய்க்காலைத் தூர்வாரும் நாள், நடவு நாள் முதலியவற்றை உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவு செய்கின்றனர்.

சுபக் அமைப்புக்கு நீர்க்கோயில்களும் உண்டு. நெல்லின் தெய்வமாகிய 'தேவி ஸ்ரீ' வயலோரச் சிறு கோயில்களில் வழிபடப்படுகிறாள். வடமொழியில் 'ஸ்ரீ' எனப்படும் சொல்லுக்கு இணையாகத் தமிழில் 'திரு' என்னும் சொல் வழங்குகிறது.

மேல்வயலும் கீழ்வயலும்

நீர் முதலில் மேல்வயலை அடைகிறது. அவ்வாறிருக்க, மேல்வயல் உழவர் நீர் முழுவதையும் தாமே எடுத்துக்கொள்ளாமல் கீழே விடுவது ஏன்? இதற்கு அன்பு மட்டுமே காரணமன்று, அறிவும் காரணம்.

கீழ்வயலுக்கு நீர் உரிய காலத்தில் கிடைக்காவிடில், அங்கு நடவு பிந்தும். மேலே அறுவடை முடியும்போது கீழே பயிர் பசுமையாக நிற்கும். எலியும் புகையான் பூச்சியும் ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்கு இடம்பெயர்ந்து, ஆண்டு முழுவதும் இரை பெற்றுப் பெருகும். மீண்டும் மேல்வயலையும் தாக்கும். மாறாக, அடுத்தடுத்துள்ள வயல்களில் எல்லாரும் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, வயல்களை ஓய்வாக விட்டால், அவை உணவின்றி மடியும்.

ஆனால், ஆற்றை நம்பியுள்ள எல்லா ஊர்களும் ஒரே வாரத்தில் நட்டால் நீர் போதாது. ஆகவே, ஒரு பகுதியினர் நடும்போது மற்றொரு பகுதியினர் தம் முறைக்காகக் காத்திருப்பர். வெளியூரார் கண்ணுக்குச் சோம்பலாகத் தோன்றும் நிதானத்திற்குள் இக்காத்திருப்பும் அடங்கியுள்ளது.

விரைவு கற்பித்த பாடம்

1970-களில் உணவு உற்பத்தியைப் பெருக்க இந்தோனேசிய அரசு திட்டமிட்டது. விரைவில் விளையும் புதிய நெல்வகைகளும் உரமும் பூச்சிக்கொல்லியும் உழவர்களுக்கு வழங்கப்பட்டன. இயன்ற அளவு அடிக்கடி நடுமாறு அவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். தொடக்கத்தில் விளைச்சல் பெருகியது. ஆயின், அவரவர் விரும்பிய காலத்தில் நட்டதால் நீர்முறை குலைந்தது. புகையானும் நோய்களும் பரவிப் பயிரை அழித்தன.

ஸ்டீபன் லான்சிங் எனும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், ஜேம்ஸ் கிரெமர் எனும் சூழலியல் அறிஞருடன் இணைந்து, பாலியின் பாசனத்தை 1980-களில் கணினி மாதிரி வழியே ஆராய்ந்தார். நீர்க்கோயில்கள் வழியாக ஊர்கள் ஒன்றுகூடி வகுத்த நடவுமுறை நீரையும் காத்தது. பூச்சியையும் கட்டுப்படுத்தியது என்பது அதனால் தெளிவாயிற்று. உழவர்களும் பழைய முறைக்குத் திரும்பினர். 2012-ஆம் ஆண்டு, பாலியின் சில பகுதிகளிலுள்ள சுபக் நிலங்களையும் நீர்க்கோயில்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

இன்றைய நிலை

இன்று பாலியில் பல வயல்கள் விடுதிகளாகவும் மாளிகைகளாகவும் மாறி வருகின்றன. பசுமையைக் காண வருவோருக்காக எழும் கட்டடம், அப்பசுமையையே விழுங்கிவிடலாம். ஒரு வயல் விற்கப்பட்டால் இழப்பு அதன் உரிமையாளரோடு நிற்பதில்லை. அவ்வழியே செல்லும் வாய்க்கால் அடைபட்டால் கீழுள்ள வயல்கள் வறண்டுபோகும். இளைஞர் பலர் நகரங்களுக்குச் செல்வதால், தூர்வாரும் நாளில் மண்வெட்டி பிடிக்கும் கைகளும் குறைகின்றன.

சிடெமனில் இன்னும் நீரோசை கேட்கிறது. மேல்வயலில் நிறைந்த நீர், வரப்பின் திறப்பு வழியே அடுத்த படிக்கு இறங்குகிறது. அது தொடர்ந்து இறங்குவது, மேலே நிற்பவர் கீழே நிற்பவரை மறவாதிருப்பதைப் பொறுத்தது.

சிந்தித்து விடையளிக்க

1. வாய்க்காலில் பதிக்கப்பட்ட மரக்கட்டை நீரை எவ்வாறு பங்கிடுகிறது?
2. மேல்வயல் உழவர் கீழ்வயலுக்கு நீர் விடுவதால் அவருக்கு விளையும் நன்மை யாது?
3. நும் குடியிருப்பில் பலர் பகிர்ந்துகொள்ளும் பொருள் ஒன்றைக் கூறி, அதனை அனைவரும் முறையாகப் பயன்படுத்த ஐந்து விதிகள் எழுதுக.