பில் பணத்தை இழுத்தடிக்கிறாங்களா? சிறு நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் 45 நாள் விதி

சரக்கு போயாச்சு, பில்லும் கொடுத்தாச்சு. பணம் கேட்டால் மட்டும் ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்ணே’ என்ற பதில்தான். கோவை லேத் பட்டறைகள் முதல் திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்கள் வரை இது பழகிப்போன கதை. கடன், மானியம் என்று அரசுத் திட்டங்கள் எத்தனை இருந்தாலும், செய்த வேலைக்குக் காசு வராவிட்டால் கூலியும் கரண்ட் பில்லும் கட்ட முடியாது. அந்தக் காசைக் கேட்டு வாங்க ஒரு சட்டம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதிக்குள், அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். ஆர்டரில் ‘பேமென்ட் 90 நாள்’ என்று எழுதியிருந்தாலும் 45 நாள் வரம்பு மாறாது. சரக்கில் குறை என்றால், டெலிவரி ஆன 15 நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெலிவரி நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும்.

தாமதமானால் எவ்வளவு வட்டி?

ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல 3 மடங்கு. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. உதாரணமாக, வங்கி விகிதம் 6% என்றால் ஆண்டு வட்டி 18%. கெடு தாண்டி 6 மாதம் பாக்கி நிற்கும் 5 லட்சம் ரூபாய்க்கு வட்டி மட்டும் சுமார் 46,700 ரூபாய்.

யாருக்குப் பொருந்தும்?

குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும். 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 25 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்கும் மிகாதவை இந்த வரம்புக்குள் வரும். நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

எங்கே புகார் கொடுப்பது?

குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றத்தில். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இவை உள்ளன. ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். முதலில் சமரசம், அது சரிவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இழுப்பதும் உண்டு. ஆனால், தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால், முதலில் 75% தொகையைக் கட்டியாக வேண்டும்.

புகார் கொடுத்தால் ஆர்டர் போயிடாதா?

பலரும் வாயே திறக்காததற்கு இதுதான் காரணம். புகார் இல்லாமலேயே வேலை செய்யும் விதி ஒன்று 2024 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவின்படி, கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நிலுவையில் இருந்தால், வாங்கிய நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். அதுவரை கூடுதல் வரி. அதேசமயம், பதிவு இல்லாதவர்களிடம் ஆர்டரை மாற்றிவிடுவார்களோ என்ற அச்சமும் தொழில் வட்டாரத்தில் எழுந்தது.

இப்போதே செய்ய வேண்டியவை

* ‘உத்யம்’ பதிவு: ஆதார், பான் தேவை, முற்றிலும் இலவசம். சப்ளைக்கு முன்பே பதிவு செய்திருப்பது முக்கியம். பிறகு பதிந்தால் பழைய பில்களுக்குப் பலன் இல்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025-ல் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.
* ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.
* டெலிவரி சலானில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். கெடு எப்போது தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி.