மேளம் கத்துக்க எவ்வளவு செலவாகும்? கடன் வாங்கும் முன் கணக்கு பாருங்க

பெருந்துறை:-

மாரியம்மன் கோவில் பண்டிகையில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் களை கட்டுவதே மேளச் சத்தத்தால்தான். அதைப் பார்த்துவிட்டு வரும் பையன்கள் வீட்டில் தட்டு, குடம் எதையும் விடுவதில்லை. அடுத்த கட்டமாக, மேளம் வாங்கிக் கொடுங்க என்று நச்சரிப்பு தொடங்கிவிடும். சிப்காட் வேலைக்குப் போகும் அப்பாவும், தறிக்குப் போகும் அம்மாவும் முதலில் கேட்பது, எவ்வளவு ஆகும் என்றுதான்.

எந்தக் கருவி என்பதைப் பொறுத்து செலவு ஆயிரத்திலும் முடியலாம், அரை லட்சத்தையும் தொடலாம்.

பறை

செலவு குறைந்தது பறைதான். சுமார் ரூ.2 ஆயிரத்து 500 முதல் ரூ.5 ஆயிரத்துக்குள் வாங்கிவிடலாம். வேப்ப மரச் சட்டத்தில் தோல் கட்டியது ஒரு வகை. இதை அடிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும். மழை, பனியில் தோல் தொய்ந்துவிடும். கிழிந்தால் புதுத்தோல் கட்டும் செலவும் உண்டு. பைபர் தகடு போட்ட பறைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தோலின் நாதம் அதில் வராது.

சாவு மேளம் என்று ஒதுக்கி, ஒரு சாதியாரை மட்டுமே அடிக்க வைத்த கருவி இது. இன்று கல்லூரி மாணவ, மாணவிகளும் தேடி வந்து படிக்கிறார்கள். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தவில்

பலா மரத்தில் கடைந்தது. புதுசு வாங்கினால் சுமார் ரூ.15 ஆயிரம் முதல் ரூ.30 ஆயிரம் வரை போகும். நாள் கூலி ரூ.500 என்று வைத்தாலும், ரூ.20 ஆயிரம் தவில் என்பது 40 நாள் சம்பளம். விரலில் மாட்டும் கூடு, குச்சி, தோல் மாற்றுவது எல்லாம் தனி.

டிரம்ஸ்

ஆரம்ப நிலை டிரம் செட்டே ரூ.15 ஆயிரம், ரூ.20 ஆயிரத்தில்தான் தொடங்கும். தாளத்தட்டு நல்லதாகக் கேட்டால் அதற்கு மேலும் ஆகும். தனியார் வகுப்புக்கு மாதாமாதம் பீஸ் கட்டணும். கிரேடு தேர்வு எழுதினால் அதற்கும் தனியாகப் பணம். வரிசை வீட்டில் குடியிருப்பவர்கள் பக்கத்து வீட்டுச் சண்டையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. கையால் செய்த நம்ம நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. டிரம் செட்டுக்கு 18 சதவீதம்.

அரசுப் பள்ளி இருக்கு

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பெருந்துறையில் இருந்து பஸ் ஏறினால் சுமார் 20 கிலோ மீட்டரில் ஈரோடு. அங்கே கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தவில், மிருதங்கம் இரண்டுமே 3 ஆண்டு படிப்பு. வயது 12 முதல் 25 வரை. தவிலுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மிருதங்கத்துக்கு 7-ம் வகுப்பு தேர்ச்சி வேண்டும்.

ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். மாணவர்களுக்கு மாதம் ரூ.400 ஊக்கத்தொகை, பஸ் சலுகையும் உண்டு. பழனி முருகன் கோவில் நடத்தும் தவில், நாதஸ்வரப் பயிற்சிப் பள்ளியில் தங்குமிடம், சாப்பாட்டுடன் ஊக்கத்தொகையும் கிடைக்கிறது. படித்து வாங்கும் சான்றிதழ் கோவில்களில் தவில் பணிக்கு விண்ணப்பிக்க உதவும்.

ஒரு சிக்கல். இசைப்பள்ளி பகல் நேரப் படிப்பு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோ, பகல் ஷிப்டு பார்க்கிற இளைஞரோ சேர முடியாது. 3 வருசம் சம்பாத்தியம் இல்லாமல் இருக்க முடியுமா என்பதுதான் உண்மையான செலவு. கட்டணத்தை விட அதுதான் பல குடும்பங்களைத் தடுக்கிறது.

முதல் 3 மாதம்

வேலைக்குப் போய்க்கொண்டே கத்துக்க நினைப்பவர்கள், ஊரில் மேளம் அடிக்கும் ஆசானிடம் சாயங்காலம் போகலாம். முதல் 3 மாதம் சொந்தக் கருவி தேவையில்லை. தாளக் கணக்கை வாயால் சொல்லி, கையால் தட்டிப் பழகவே அந்தக் காலம் சரியாகிவிடும். டிரம்ஸ் ஆசை என்றால் ஒரு ஜோடி குச்சி, ஒரு பயிற்சி ரப்பர் தட்டு போதும். இரண்டும் சேர்த்து ரூ.1,000 முதல் ரூ.2 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

3 மாதம் கழித்தும் பையனோ, பொண்ணோ விடாமல் தட்டினால் அப்போது கருவி வாங்குங்கள். வாங்கும்போது ஆசானையும் கூட்டிக்கொண்டு போங்கள். தோல் நல்லதா, மரம் வெடிச்சிருக்கா என்பது அவர் விரல் பட்டாலே தெரிந்துவிடும். பழைய கருவி நல்லதாகக் கிடைத்தாலும் அவரே சொல்வார்.

ஆனால் கருவிக் கடையில் பேசும் பேரத்தை ஆசானின் சம்பளத்தில் பேசாதீர்கள். பண்டிகை, கல்யாண சீசன் முடிந்தால் அவருக்கு அடுப்பு எரிவது அந்தப் பணத்தில்தான்.